ஆணி கழன்ற தகரம்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட ஒரு தகரக் கொட்டகை உண்டு. ராத்திரி காற்று கொஞ்சம் வலுத்தால், ஆணி கழன்ற ஒரு தகரம் டப டப என்று அடித்துக்கொள்ளும். அதோடு என் தூக்கம் போச்சு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பக்கத்து வீட்டுக் கூரை இப்படித்தான் அடித்துக்கொண்டு பிறகு பறந்தது. ஒரே ஒரு ஆணி அடித்தால் முடிகிற வேலை. இத்தனை வருஷமாக நான் அடிக்கவில்லை என்பது வேறு கதை.

பழைய பயம் இப்படித் திரும்பி வருவது எனக்கு மட்டுமில்லை. நாய்க்கும் வந்திருக்கிறது. மணியடித்தால் எச்சில் ஊறும் நாய்களை வைத்து ஆராய்ந்த பாவ்லோவை எல்லாருக்கும் தெரியும். அவருடைய ஆய்வுக்கூடத்துக்குள் வெள்ளம் புகுந்தது அவ்வளவாகத் தெரியாது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா ஆறு கரைபுரண்டது. கூண்டுகளில் தண்ணீர் ஏற, நாய்களை நீந்தவைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், சில நாய்களிடம் அதுவரை பழக்கியதெல்லாம் குலைந்திருந்தது. பாடுபட்டு மறுபடி பழக்கினார்கள். அப்புறம் ஒருநாள் சோதனை அறையின் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அவ்வளவு போதும், தேறியிருந்த நாய் மறுபடி அரண்டுபோனது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பேய் மூளைக்குள் குடியிருக்கும் இடம் அமிக்டலா. பாதாம் பருப்பு அளவுதான், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் போன்றவை, இந்தச் சத்தம், இந்த வாடை ஆபத்து என்ற பதிவை இங்கே அழுத்தமாகப் பதியவைக்கின்றன. எங்கே, எப்போது நடந்தது என்கிற விவரம் பக்கத்திலுள்ள ஹிப்போகாம்பஸின் பொறுப்பு. இரண்டும் சேர்ந்து இயங்கினால் அது பழைய கதை. முதலாவது மட்டும் தனியாகக் கிளம்பினால், தேதியில்லாத பயம். தகரம் அடிக்கும்போது வருஷம் 2011 இல்லை என்று எனக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரிவதில்லை.

சரி, பயம் எப்படிப் போகும்? மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கிய பாவ்லோவின் நாய்க்கு, சோறு தராமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் நின்றுவிடும். பழசு அழிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கொஞ்ச நேரம் விட்டு மணியடித்தால் எச்சில் திரும்பவும் வரும். அதாவது பழசு அப்படியே இருக்கிறது. அதன்மேல் ‘இப்போது ஒன்றும் நடக்காது’ என்று புதிதாக ஒன்றைக் கற்றிருக்கிறோம். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி அந்தப் புதிய பாடத்தை வைத்து அமிக்டலாவை அடக்கிவைக்கிறது.

இதில் ஒரு சங்கடத்தை அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் எலிகளை வைத்து விளக்கினார். ஒரு பெட்டியில் ஓசையோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பயமுறுத்தி, வேறொரு பெட்டியில் வெறும் ஓசையை மட்டும் கேட்கவைத்துப் பயத்தைத் தணித்தார்கள். பழைய பெட்டிக்குள் விட்டதும் பயம் திரும்பியது. மூன்றாவதாக ஒரு புதுப் பெட்டியில் விட்டாலும் பயம் திரும்பக்கூடும். பயம் எல்லா ஊரிலும் செல்லுகிற ரூபாய் நோட்டு என்றால், தைரியம் கேன்டீன் டோக்கன். வாங்கின இடத்தில்தான் செல்லும்.

எங்கள் அத்தை கடலூர் கடலோரத்திலுள்ள தேவனாம்பட்டினத்துக்காரர். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியிலிருந்து ஓடிப் பிழைத்தவர். அன்று கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். பிறகு செம்மண்டலத்துக்குக் குடிவந்தார், கடல் பக்கமே போகவில்லை. எப்போதாவது கிளம்பினாலும், பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொன்னதும் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதிதான் வினை. திரும்பி வந்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது, புதுப் பாடத்துக்கு இடமே கிடைப்பதில்லை.

அதற்காக ஒரே நாளில் கடலோரத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் வேண்டாம். பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறையை ஆராய்ந்து பார்த்ததில் பலன் தெரியவில்லை, சிலருக்குப் பாதிப்பு கூடியதும் உண்டு. பெரும்பாலானவர்கள் நாளடைவில் தாங்களாகவே தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையோடு படிப்படியாகப் பழக்குவது கைகொடுக்கிறது. டோக்கன் பல கடையிலும் செல்லவேண்டும் என்பதால் இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பழக்குவார்கள்.

அத்தைக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் அலைச்சத்தம் லேசாகக் கேட்கிற தெரு வரைக்கும். பிறகு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சில்வர் பீச்சில் சுண்டல் விற்கிற கூட்டத்துக்கு நடுவே. அப்புறம் ஆளில்லாத காலை நேரம். போன தடவை கணுக்கால் நனைய நின்றார், என் கையை விடவில்லை.

“அடுத்தது டிசம்பர்ல வரலாமா அத்தை?” என்றேன்.

“மொதல்ல நீ அந்தத் தகரத்துக்கு ஒரு ஆணி அடிடா” என்றார்.