சுடுதான்னு பாத்தா போதாது, சுடாம இருக்கான்னு பாருங்க: 1911 துப்பாக்கில கிரிப் சேஃப்டி மாத்துறவங்களுக்கு

போன சனிக்கிழமை கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது நம்ம தமிழ்த் தம்பி ஒருத்தர் வந்தார். இங்க டெக்சாஸ்ல நான் கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி ரிப்பேர் வேலை பாக்குறது தெரிஞ்சு, யாரோ சொல்லி, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கார். கேஸ்ல .45 தோட்டா போடுற, 1911ங்கற மாடல் கைத்துப்பாக்கி ஒண்ணு. "அண்ணா, ஆன்லைன்ல பீவர்டெயில் கிரிப் சேஃப்டி வாங்கி நானே போட்டேன், லேசா ஆடுது, கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க"ன்னார். கிரிப் சேஃப்டின்னா பிடியோட பின்பக்கம் இருக்குற தடுப்பு, உள்ளங்கை அதை அழுத்துனாத்தான் டிரிகர் வேலை செய்யணும்; பீவர்டெயில்னா அதோட மேல்முனை வாலா நீண்ட வகை. மேகசினைக் கழட்டி, ஸ்லைடை இழுத்து, சேம்பர்ல (தோட்டா உக்காருற குழி) சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாத்துட்டு, ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்கிற பின்பக்கச் சுத்தியல்) ஏத்தி, தம்ப் சேஃப்டிய (கட்டைவிரலால நகத்துற தடுப்பு) இறக்கி, பின்னாடி உள்ளங்கை படாம ரெண்டு பக்கமும் விரலால பிடிச்சு டிரிகரை இழுத்தேன். டக்னு ஹேமர் விழுந்துருச்சு.

தம்பிக்கு என்ன ஆச்சுன்னே புரியல. "கிரிப்பை நான் அழுத்தவே இல்ல தம்பி"ன்னு சொல்லி மறுபடி செஞ்சு காட்டுனேன், மறுபடியும் விழுந்துச்சு. மூணு வாரமா அதை லோட் பண்ணி, ஹேமர் ஏத்தி, இடுப்புல வச்சுட்டு சுத்தியிருக்கார். வீட்ல நாலு வயசுப் பொண்ணு.

இந்த வருஷத்துல மட்டும் இது எனக்கு அஞ்சாவது துப்பாக்கி. அதனாலதான் இதை எழுதுறேன்.

அஞ்சு பேரும் சொன்னது ஒரே பதில்தான்: "ரேஞ்சுக்குக் கொண்டுபோய் எரநூறு ரவுண்ட் சுட்டேன், ஒரு பிரச்சனையும் இல்ல". இதைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போயிடுது. அய்யா, சுடும்போது நீங்க கிரிப்பை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க, அப்ப அந்த சேஃப்டி விலகிதான் இருக்கும், விலகி இருந்தாத்தான் சுடவே முடியும், அப்ப எரநூறு இல்ல ரெண்டாயிரம் சுட்டாலும் அந்தப் பார்ட் தடுக்குதா இல்லையாங்கறது உங்களுக்குத் தெரியப் போறதே இல்ல. கிரிப் சேஃப்டியே இல்லாத துப்பாக்கியும் ரேஞ்சுல அருமையாத்தான் சுடும். வீட்டுக் கதவுல புதுப் பூட்டு போட்டுட்டு, சாவி போட்டா தொறக்குதான்னு மட்டும் பாத்துட்டுப் படுக்கப் போவீங்களா? சாவி இல்லாம இழுத்தா தொறக்காம நிக்குதான்னு பாக்க மாட்டீங்களா? அதேதான் இதுவும்.

இன்னொண்ணு இந்த 'டிராப்-இன்'ங்கற வார்த்தை. பாக்கெட்ல டிராப்-இன்னு போட்டிருந்தா, ஃபிரேமோட, அதாவது துப்பாக்கியோட அடிப்பாகத்தோட, பின் வால்களை வெட்டித் தேய்க்காம உள்ள உக்காரும்னு மட்டும்தான் அர்த்தம். உள்ள டிரிகர் பின்னால போற வழியை அடைக்கிற நாக்கு ஒண்ணு இருக்கு பாருங்க, அது எல்லாத் துப்பாக்கிக்கும் அப்படியே பொருந்தும்னு அர்த்தம் இல்ல. நல்ல கம்பெனிக்காரங்க அந்த நாக்கைக் கொஞ்சம் பெருசாவே விட்டுத்தான் அனுப்புவாங்க, அந்தந்தத் துப்பாக்கிக்குத் தகுந்த மாதிரி அரம் போட்டு இறக்கிக்கிறதுக்காக. நம்மாளுங்க என்ன பண்றாங்க, மாட்டுனதும் கிரிப்பை அழுத்துனாலும் டிரிகர் வரலைன்னு, வீடியோவைப் பாத்துட்டு டிரெமலை, அதான் கையில பிடிச்சுத் தேய்க்கிற சின்ன மோட்டார் மிஷினை, எடுத்து ஒரு சுத்து விட்டுடறாங்க. நகத்தை வெட்டிப்போட்ட துண்டு அளவுக்கு இரும்பு போனாலே போதும், சேஃப்டி அத்தோட போச்சு. தம்பியோடதுல நாக்கோட நுனி கோணலா, நீலம் பாரிச்சு இருந்துச்சு, டிரெமல் சூட்டுல வெந்த இரும்பு. இந்த வேலைக்குச் சின்ன அரம்தான். ரெண்டு இழுப்பு, மாட்டிப் பாரு, கழட்டு, மறுபடி ரெண்டு இழுப்பு. எனக்கே சில நேரம் பதினஞ்சு இருபது தடவை மாட்டிக் கழட்ட வேண்டி இருக்கும். கிரிப் சேஃப்டி பாதி தூரமோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ உள்ள போனதும் டிரிகர் விடுபடணும், தொட்டதுமே விடுபட்டா தப்பு.

சரி, வாங்கும்போதே என்ன பாக்கணும்? பீவர்டெயிலை எல்லாரும் தேடுறதுக்குக் காரணம், ஹேமர் பின்னால வரும்போது கட்டைவிரல் இடுக்குச் சதையைக் கடிச்சு வைக்கிறது. இது இன்னைக்கு நேத்துப் புகார் இல்ல, 1911ஆம் வருஷம் அமெரிக்க ராணுவம் இதை வடிவமைச்ச ஜான் பிரவுனிங்கோட டிசைனை எடுத்துக்கிச்சு, 1920கள்ல ஏ1 மாடல் வந்தப்பவே கிரிப் சேஃப்டி வாலை நீட்டிட்டாங்க. இப்ப வர்ற அகலமான பீவர்டெயில்ல பலதுக்கு ஃபிரேமோட வால்களை வளைவா வெட்டணும், அந்த வளைவு 0.250 இன்ச்ல ஒண்ணு, 0.220ல ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. தப்பா வெட்டுனா ஃபிரேம்ல வெல்டிங் வைக்கிறதைத் தவிர வழி இல்ல, அதுக்கு ஆகுற காசுல நல்ல பார்ட் ரெண்டு மூணு வாங்கிடலாம். பழைய வால் வச்ச ஸ்பர் ஹேமரை அப்படியே விட்டுட்டு பீவர்டெயில் போட்டா, ஹேமர் முழுசாப் பின்னால போக முடியாம இடிக்கும், ஸ்லைடு ஓடும்போது ஒவ்வொரு தடவையும் இடிக்கும். ரிங் மாதிரி இருக்குற கமாண்டர் ஹேமர் சேத்து வாங்கணும், ஹேமரை மாத்துனா சியர், அதாவது ஏத்துன ஹேமரைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி, அதோட சேர்க்கையும் பாக்கணும். ஒரு பார்ட் மாத்துறேன்னு ஆரம்பிச்சது மூணா வளரும்.

கிம்பர் சீரிஸ் 2, ஸ்மித் அண்ட் வெசன் 1911 வச்சிருக்கவங்க இதை ரெண்டு தடவை படிங்க. அதுல கிரிப் சேஃப்டி டிரிகரை மட்டும் பாக்குறது இல்ல, ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவோட பின்பக்கத்தைக் குத்துற ஊசியை, தடுக்கிற பிளாக்கையும் அதுதான் தூக்கி விடுது. கோல்ட் சீரிஸ் 80ல அந்த வேலையை டிரிகர் செய்யுது, அதனால அங்க இந்தச் சிக்கல் இல்ல. கிம்பர்ல சாதாரண கிரிப் சேஃப்டிய எடுத்து மாட்டுனா, பிளாக் சரியான நேரத்துக்கு முழுசா எழும்பாம, தேவைப்படுற நேரத்துல வெறும் க்ளிக்னு நிக்கலாம். அந்த மாடலுக்குன்னே செஞ்சதைக் கேட்டு வாங்குங்க.

கிரிப் சேஃப்டி இருக்கு, கீழ விழுந்தா வெடிக்காதுன்னு நம்பிட்டு இருக்கவங்களுக்கும் ஒண்ணு. அது டிரிகரை மட்டும்தான் பிடிக்குது. ஃபயரிங் பின் பிளாக் இல்லாத 1911 மூக்குக் குத்தித் தரையில விழுந்தா, பின் தன் வேகத்துலயே முன்னால போய்க் குத்தலாம், அதை கிரிப் சேஃப்டி தடுக்காது.

உயரமாப் பிடிச்சு, கட்டைவிரலை தம்ப் சேஃப்டி மேல வைக்கிறவங்களுக்கு உள்ளங்கை குழிஞ்சு கிரிப் சேஃப்டி அழுந்தாமப் போறது உண்மைதான், நானும் பாத்திருக்கேன். அதுக்காக டேப் சுத்தி அழுத்தி வைக்காதீங்க, ஆணி அடிச்சு நிறுத்தாதீங்க, தயவுசெஞ்சு. கீழ்ப்பக்கம் மேடு வச்ச கிரிப் சேஃப்டி கிடைக்குது, அதைப் போடுங்க, முக்கால்வாசிப் பேருக்கு அதுலயே தீந்துடும்.

மாட்டி முடிச்சதும் சோதனை. தோட்டா எல்லாம் வேற ரூம்ல இருக்கணும், சேம்பரைக் கண்ணாலயும் விரலாலயும் பாருங்க. ஹேமர் ஏத்தி, கிரிப்பை அழுத்தாம டிரிகரைப் பலமா இழுங்க, ஹேமர் அசையக் கூடாது. விட்டுட்டு, டிரிகரைத் தொடாம கிரிப்பை மட்டும் அழுத்துங்க, அப்பவும் விழக் கூடாது. இப்ப துப்பாக்கிய காதுகிட்ட கொண்டுபோய் ஹேமரை மெல்லப் பின்னால இழுங்க. சின்னதா டிக்னு கேட்டா உள்ள சியர் நகந்திருக்கு, கன்ஸ்மித்கிட்டக் கொண்டுபோங்க. கிரிப் சேஃப்டியைக் கழட்ட தம்ப் சேஃப்டியையும் கழட்டித்தான் ஆகணும், அதனால அதுக்கும் இதே சோதனை. கையை எடுத்ததும் கிரிப் சேஃப்டி தானா வெளிய துள்ளி வரணும், சோம்பி நின்னா சியர் ஸ்பிரிங்கோட வலது இதழைப் பாக்கணும்.

தம்பி செஞ்ச ஒரே நல்ல காரியம், பழைய கிரிப் சேஃப்டியைத் தூக்கிப் போடாம ஜிப் கவர்ல போட்டு கேஸ்லயே வச்சிருந்தார், ஃபிரேம்லயும் அரம் படல. அதையே திரும்ப மாட்டிச் சோதிச்சுக் குடுத்தேன், பத்து நிமிஷ வேலை, காசு வாங்கல. டிரெமல் பட்ட பார்ட்டை எங்கிட்டயே விட்டுட்டுப் போகச் சொன்னேன். அது என் பெஞ்சு மேலதான் கிடக்கு, அடுத்து யாராவது எரநூறு ரவுண்ட் கதை சொன்னா கையில குடுத்துக் காட்டுறதுக்கு.