மரபணு என்னும் சொல்லில் இருக்கும் அணு எது?

பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போது ஆண்டுதோறும் நான் காணும் ஒரு வாக்கியம் உண்டு: ‘மரபணு என்பது நம் உடலில் உள்ள ஒரு வகை அணு, அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கிறது.’ இதில் பின்பாதி சரி, முன்பாதி தவறு. ஆனால் அந்தத் தவற்றுக்கு மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு, உயிரணு என்று அடுத்தடுத்த பாடங்களில் படித்து வருபவர், மரபணுவையும் அந்த வரிசையில் இன்னொன்றாக எண்ணிக்கொள்வது இயல்பே. சொல்லே அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஆகவே இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கப் பிறந்தது, தமிழில் அது எப்படி அமைந்தது என்பவற்றை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிடுவது உயிரியல் படிப்பவர்களுக்கு நல்லது.

முதலில் பொருள். மரபணு என்பது வேதியியல் கூறும் அணுவும் அன்று, உயிரணு எனப்படும் செல்லும் அன்று. டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழையில், ஒரு புரதத்தையோ செல்லின் வேலைக்கு வேண்டிய ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூறையோ உண்டாக்குவதற்கான குறிப்பைத் தாங்கியிருக்கும் ஒரு பகுதியே மரபணு. நீளமான சேலையில் இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை முந்தானை என்கிறோம். அதற்காக முந்தானை சேலையிலிருந்து தனியே கிடப்பதில்லை. மரபணுவும் அவ்வாறே இழையின் பகுதியாகவே இருப்பது. அதன் நீளமும் ஒரே அளவினதன்று. அந்நீளத்தைக் கார இணைகளால் எண்ணுகிறோம்; டி.என்.ஏ.வின் இரட்டை இழையில் எதிரெதிரே சேர்ந்திருக்கும் இரு வேதிக் கூறுகளே ஒரு கார இணை. மனிதரின் இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்குரிய மரபணு ஏறத்தாழ 1,600 கார இணைகளில் முடிந்துவிடுகிறது; தசைகளுக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவோ 20 லட்சம் கார இணைகளைத் தாண்டி நீள்கிறது. இவை இரண்டையும் ‘அணு’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கும்போது, இரண்டும் ஒரே அளவுள்ள மணிகள் என்ற படம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இனி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த கிரிகோர் மெண்டல் 1865இல், இன்று செக் குடியரசில் உள்ள புருன் நகரில் தம் முடிவுகளை வாசித்து, மறு ஆண்டில் அச்சில் வெளியிட்டபோது, மரபணுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜீன்’ என்ற சொல் உலகில் இல்லை. அவர் பெரிதும் பேசியது பண்புகளைப் பற்றியே. அப்பண்புகளுக்குக் காரணமாகச் செல்லுக்குள் இருப்பவற்றை ‘மூலக்கூறுபாடுகள்’ என்னும் பொருள்படும் ஒரு பொதுவான ஜெர்மன் சொல்லால் சுட்டினார். நம் பாடநூல்கள் அவற்றைக் ‘காரணிகள்’ என்று எழுதுகின்றன. மறுபுறம் சார்லஸ் டார்வின் 1868இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். உடலின் ஒவ்வோர் உறுப்பும் நுண்ணிய துகள்களை வெளியிடுகிறது, அவை எல்லாம் இனப்பெருக்க உறுப்புகளில் வந்து சேர்கின்றன, அதனால்தான் பிள்ளைகள் பெற்றோரைப் போல இருக்கின்றனர் என்பது அக்கருத்து. ‘எல்லாம்’ என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டாகிய ‘பான்’ என்பதைச் சேர்த்து அதற்குப் ‘பான்ஜெனிசிஸ்’ என்று பெயரிட்டார். அக்கருத்து பிழையாய்ப் போனது. பெயர் மட்டும் தங்கியது. 1889இல் ஹாலந்து நாட்டுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் அதை மாற்றியமைத்து, செல்லுக்குள்ளேயே இருக்கும் பண்புக் கூறுகளுக்குப் ‘பான்ஜென்’ என்று பெயர் வைத்தார்.

அந்தப் ‘பான்’ என்னும் தலையை வெட்டி எறிந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன். 1909இல் ஜெர்மன் மொழியில் வெளியான தம் நூலில், பான்ஜென் என்பதன் கடைசி அசையை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘கேன்’ என்று ஜெர்மானியர் ஒலிக்கும் சிறு சொல்லை ஆக்கினார். ஆங்கிலத்தில் அதுவே ‘ஜீன்’ ஆயிற்று. அவர் ஏன் வெட்டினார் என்பதுதான் இங்கு முக்கியம். அக்காலத்தில் அந்தப் பொருள் என்ன வடிவினது, எதனால் ஆனது என்று எவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் துகள் என்றோ மணி என்றோ பெயர் வைத்தால், அப்பெயரே ஒரு பொய்யான விளக்கமாகிவிடும் என்று அவர் அஞ்சினார். ஆகவே எந்தக் கருதுகோளும் ஒட்டிக்கொள்ளாத, கணக்கிடுவதற்கு மட்டும் பயன்படுகிற, வெறுமையான ஒரு சொல்லை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். அவருடைய அவரை விதை ஆய்வுகளில், ஒரே விதையிலிருந்து பெருக்கிய தூய வழி ஒன்றிலிருந்து பெரிய விதைகளைப் பொறுக்கி விதைத்தாலும் சிறிய விதைகளைப் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை மாறவில்லை. கண்ணுக்குத் தெரியும் தோற்றம் வேறு, உள்ளே மரபாக வருவது வேறு என்பதை அந்த விதைகள் காட்டின. தோற்றத்துக்குப் ‘பீனோடைப்’, மரபாக வருவதற்கு ‘ஜீனோடைப்’ என்னும் இரு சொற்களையும் அதே நூலில் அவரே தந்தார்.

‘ஜீன்’ என்பது ‘ஜீவன்’ என்பதிலிருந்து வந்ததா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை. பிறப்பு, குலம் என்னும் பொருள் தரும் கிரேக்க வேரிலிருந்து வந்தது ‘ஜீன்’. வடமொழியின் ஜனனம், ஜன்மம், ஜாதி ஆகிய சொற்கள் அதற்கு உடன்பிறப்புகள். ‘ஜீவன்’ என்பதற்கோ கிரேக்கத்தில் இருக்கும் உறவு, ‘பயாலஜி’யின் முன்பாதியாகிய ‘பயோ’.

இப்போது தமிழுக்கு வருவோம். மரபு, அணு என்னும் இரண்டும் சேர்ந்தது மரபணு. மரபு என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட்டு, நின்ற மெய்யின்மேல் அகரம் ஏறியது. இவற்றுள் ‘மரபு’ மிகச் சிறந்த தேர்வு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மரபு என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. தமிழ் இலக்கண வகுப்பில் யானைக்கன்று, சிங்கக்குருளை, கீரிப்பிள்ளை என்று மரபுச் சொற்களை மனப்பாடம் செய்யும் மாணவர், அடுத்த மணி அடித்ததும் உயிரியல் வகுப்பில் மரபியல் படிக்கிறார். இரண்டும் ஒரே சொல் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்றே பெயர். அது தொடங்குவதே உயிர்களின் இளமைப் பெயர்களில்தான்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது. அவ்வியல் பேசுவது சொல் வழக்கின் மரபை. உயிரியல் பேசுவது உடல் வழியாக வரும் மரபை. பொருள் வேறுதான். ஆனாலும் தாயும் சேயும், ஆணும் பெண்ணும், ஓரறிவு முதலாக உயிர்களை வகுப்பதும் பேசப்பட்ட ஓர் இயலின் பெயர், இன்றைய அறிவியல் துறைக்குப் பெயராக வந்து பொருந்தியிருப்பதை நினைத்து நான் மகிழாத நாள் இல்லை.

சிக்கல் ‘அணு’வில் இருக்கிறது. அணு என்னும் சொல் வடமொழி வழி வந்து தமிழில் நெடுங்காலமாக வழங்குவது. இயற்பியலும் வேதியியலும் அதற்கு இன்றைய பொருளைத் தருவதற்கு மிக முன்பே, ‘மிக நுண்ணியது’ என்ற பொருளில் அது ஆளப்பட்டது. கம்பர் இரணியன் வதைப் படலத்தில் ‘அணுவினைச் சத கூறு இட்ட கோணினும் உளன்’ என்கிறார். அணுவை நூறு கூறாக்கினாலும் அந்தக் கூறிலும் இறைவன் உளன் என்பது கருத்து. மரபணு என்று பெயரிட்டபோது இந்தப் பழைய பொருளே, மரபைத் தாங்கும் மிக நுண்ணிய ஒன்று என்பதே கருதப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இன்றைய மாணவர் காதில் அணு என்றால் ஹைட்ரஜன் அணு, அல்லது சிவப்பணு. யோஹான்சன் எந்த உருவமும் ஒட்டக் கூடாது என்று வெட்டித் திருத்திய சொல்லில், தமிழாக்கம் ஓர் உருவத்தை ஒட்டவைத்துவிட்டது. மேலும், ஜீனைப் பகுக்க முடியாத மணியாகவே அறிவியலாளர்களும் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1950களில் அமெரிக்க அறிவியலாளர் சேமோர் பென்சர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு, ஒரே ஜீனுக்குள்ளேயே பல இடங்களில் மாற்றம் நிகழலாம், அதற்குள்ளேயே வெட்டி ஒட்டுதலும் நிகழலாம் என்று காட்டினார். கம்பர் சொன்னபடியே அணு சத கூறு ஆயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

இலங்கையின் தமிழ்வழிப் பாடநூல்கள் இதே பொருளுக்குப் ‘பரம்பரையலகு’ என்று எழுதுகின்றன. நான் இச்சொல்லை முதன்முதலில் கண்டபோது இதன் துல்லியம் என்னை நிறுத்தி வைத்தது. அலகு என்றால் அளவிடுவதற்கும் எண்ணுவதற்கும் உரிய கூறு. அதற்கு வடிவமும் பருமனும் சொல்லவில்லை. எண்ணலாம் என்று மட்டும் சொல்கிறது. யோஹான்சன் விரும்பியது இதைத்தான். செல்லைக் கலம் என்றும், குரோமோசோமை நிறமூர்த்தம் என்றும், பரிணாமத்தைக் கூர்ப்பு என்றும், மரபியலைப் பிறப்புரிமையியல் என்றும் வழங்கும் அந்தச் சொற்றொகுதியில், என் மதிப்பில் மிகச் சரியானது பரம்பரையலகே. ஆனால் மரபணு இன்று நாளிதழிலும் நீதிமன்றச் செய்தியிலும் வயல்வெளிப் பேச்சிலும் வேரூன்றிவிட்ட சொல். எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு உயர்ந்தோர் வழங்கினரோ அவ்வாறு வழங்குவதே மரபு என்று நன்னூல் விதிக்கிறது. அதன்படி மரபணுவையே வைத்துக்கொள்வோம். ‘மரபின் அலகு’ என்று அதற்குப் பொருள் கொள்வோம்.

வைத்துக்கொள்ளும்போது கவனமாக ஆள வேண்டும். குற்றச் செய்திகளில் வரும் ‘மரபணு சோதனை’ என்னும் தொடர், பெரும்பாலும் மரபணுவைச் சோதிப்பதே இல்லை. ஆளை அடையாளம் காணும் அச்சோதனையில், காரங்களின் ஒரு சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகளில், அவ்வரிசை எத்தனை முறை வருகிறது என்றுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். அப்பகுதிகளில் பெரும்பாலானவை எந்தப் புரதத்துக்கும் குறிப்பைத் தாங்காதவை. அதை டி.என்.ஏ. சோதனை என்று எழுதுவதே சரி. அவ்வாறே, ஓர் உயிரின் முழு டி.என்.ஏ.வையும் குறிக்கும் ‘ஜீனோம்’ என்பதற்கு ‘மரபணுத் தொகுப்பு’ என்று எழுதும்போது, அது மரபணுக்களை மட்டும் கூட்டிவைத்தது என்று தோன்றுகிறது. மனிதரின் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி கார இணைகள் இருக்க, புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000தான். புரதக் குறிப்பாக அமைந்த பகுதி முழு நீளத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ‘மரபணு மாற்றம்’ என்பதோ இரு வேறு பொருள்களைச் சுமந்து தவிக்கிறது. ஆய்வகத்தில் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைப் பருத்தியில் சேர்ப்பதும் மரபணு மாற்றம், இயற்கையில் தானே நிகழ்வதும் மரபணு மாற்றம் என்றால் மாணவர் என்ன செய்வார்? முன்னதை மரபணு மாற்றுப் பயிர் என்றும், பின்னதைச் சடுதிமாற்றம் என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் தீரும்.

சடுதிமாற்றத்துக்கு மெண்டலின் பட்டாணியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலப்புச் செய்து அவர் எண்ணிய இரண்டாம் தலைமுறை விதைகள் 7,324. அவற்றில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. அந்தச் சுருக்கம் எதனால் என்பதற்கு 1990இல்தான், இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தில், விடை கிடைத்தது. மாவுச்சத்தைக் கிளைக்கச் செய்யும் ஒரு நொதிக்குரிய மரபணுவின் நடுவில், ஏறத்தாழ 800 கார இணைகள் நீளமுள்ள ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்த நொதி உருவாவதில்லை. மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை நீரை இழுக்க, பச்சை விதை உப்பிப் பருக்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் போய்விட, உள்ளீடு வற்றித் தோல் மட்டும் தொளதொளத்து மடிகிறது. மளிகைக் கடையில் வாங்கிய காய்ந்த பட்டாணி ஒன்றை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். அதன் வழவழப்பு, அந்த நொதி தன் வேலையைச் செய்து முடித்ததன் அடையாளம்.

ஒரே மரபணுவின் இந்த இரு வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். எதிருரு என்பது இலங்கை வழக்கு, மாற்றுரு என்பாரும் உண்டு. ஒன்று இருந்தாலே பண்பை வெளிப்படுத்துவது ஓங்கு, இரண்டும் அதுவாக இருந்தால்தான் வெளிப்படுத்துவது ஒடுங்கு. இந்த அடைமொழிகள் அல்லீல்களுக்கு உரியவை, மரபணுவுக்கு உரியவை அல்ல. ‘ஒடுங்கு மரபணு’ என்று விடைத்தாளில் எழுதாமல் ‘ஒடுங்கு அல்லீல்’ என்று எழுத வேண்டும். ஓங்கு என்பதால் அது மற்றதை அடக்கி ஒடுக்குகிறது என்றும் பொருளில்லை. பட்டாணியில் ஒரு நல்ல அல்லீல் இருந்தாலே விதையை உருட்டித் தருவதற்குப் போதுமான நொதி உருவாகிவிடுகிறது. அடுத்திருக்கும் பழுதுபட்ட அல்லீல் அப்படியே உள்ளே இருந்து, அடுத்த தலைமுறைக்கும் மாறாமல் செல்கிறது.