மியூட்டேஷன்: சடுதிமாற்றமா, விகாரமா, பிறழ்வா, திரிபா?

"மரபணு மாற்றம்" என்று எழுதிவிட்டு ஒரு நிமிடம் கையை நிறுத்திப் பாருங்கள். பருத்திச் செடிக்குள் பாக்டீரியாவின் மரபணு ஒன்றை ஆய்வகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் அது மரபணு மாற்றம். யாரும் தொடாமல், செல் பிரியும்போது டிஎன்ஏவில் ஓர் எழுத்து தானாக மாறிப்போனாலும் மரபணு மாற்றம். "உங்கள் மரபணு ஒன்றில் மாற்றம் இருக்கிறது" என்று ஆய்வறிக்கையில் படிக்கிறவர், "மாற்றியது யார்?" என்று கேட்டால் அவர்மேல் தப்பில்லை. சொல்தான் அப்படிக் கேட்க வைக்கிறது.

இரண்டாவதாகச் சொன்னதற்கு ஆங்கிலத்தில் மியூட்டேஷன் என்று பெயர். அதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், ஐந்தாறு இருக்கிறது. தமிழகப் பாடநூல்களில் சடுதிமாற்றம், திடீர்மாற்றம். இலங்கைப் பாடநூல்களில் விகாரம். மருத்துவக் கட்டுரைகளில் பிறழ்வு. கொரோனாக் காலத்துச் செய்திகளில் உருமாற்றம், திரிபு. இவற்றில் எது பொருந்தும் என்று பார்க்க, மூலச்சொல் எங்கெங்கே சுற்றி வந்தது என்று தெரிந்தால் நல்லது.

லத்தீனில் 'மூட்டாரே' என்றால் மாறுதல், மாற்றுதல். அவ்வளவுதான், திடீரென்றோ மெதுவாகவோ என்று அந்த வேர் ஒன்றும் சொல்வதில்லை. உயிரியல் பக்கம் இந்தச் சொல்லை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் வாகன் என்ற புதைபடிவ ஆய்வாளர். பாறை அடுக்குகளில் கிடைக்கும் அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரிகளின் ஓடுகள் கீழடுக்கிலிருந்து மேலடுக்குக்குப் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை அவர் 1869இல் மியூட்டேஷன் என்று குறித்தார். அதாவது, மிக மெதுவான மாற்றம்.

இதை அப்படியே தலைகீழாக்கியவர் ஹியூகோ டி விரிஸ் என்ற தாவரவியலாளர். நெதர்லாந்தில் ஹில்வர்சம் ஊருக்கு அருகே, கைவிடப்பட்ட ஓர் உருளைக்கிழங்கு வயலில் 1886இல் அவர் ஈனோத்தெரா என்ற மஞ்சள் பூச்செடிகளைப் பார்த்தார். கூட்டத்தில் சில செடிகள் மட்டும் தனியாகத் தெரிந்தன. எடுத்துவந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். மற்றதைவிடப் பருத்த செடி, குட்டைச் செடி, இலை வேறான செடி என்று புதிது புதிதாக, இடைப்படிகளே இல்லாமல் முளைத்தன. புதிய இனங்கள் இப்படித்தான் ஒரே தாவலில் பிறக்கின்றன என்று முடிவுகட்டி, 1901இல் தன் மியூட்டேஷன் கோட்பாட்டை வெளியிட்டார்.

நம் சடுதிமாற்றத்தின் 'சடுதி', திடீர்மாற்றத்தின் 'திடீர்' இரண்டுமே இந்தத் தாவலின் எச்சம்தான். வேடிக்கை என்னவென்றால், அவர் கண்ட செடிகளில் பெரும்பாலானவை இன்றைய பொருளில் மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்களே அல்ல. அந்தப் பருத்த செடிக்கு டிஎன்ஏவைச் சுமக்கும் குரோமோசோம்கள் வழக்கமான 14க்குப் பதில் 28 இருந்தன. மற்ற பலவும் அந்தச் செடிகளின் குரோமோசோம்கள் விசித்திரமான வளையங்களாகக் கோத்துக்கொள்வதால் வந்தவை. கோட்பாடு போய்விட்டது. சொல் நின்றுவிட்டது, தமிழில் அதன் பழைய பொருளோடு சேர்த்து.

இதனால் என்ன கெட்டுவிட்டது? சடுதிமாற்றம் என்றதும் மாணவர் மனத்தில் ஒரு பெரிய, கண்ணுக்குத் தெரியும் தாவல் வருகிறது. உண்மையில் பெற்றோரிடம் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் சராசரியாக 60 முதல் 70 வரை ஒவ்வொரு குழந்தையிடமும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமே செய்வதில்லை. யாரும் கவனிக்கப்போவதில்லை. எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது.

இதே கணக்குதான் பிறழ்வையும் சந்தேகிக்க வைக்கிறது. பிறழ்தல் என்றால் நெறியிலிருந்து விலகுதல். மனப்பிறழ்வு, நெறிபிறழ்வு என்று நாம் சொல்வதெல்லாம் குறையைத்தான். மருத்துவத்தில் நோய் தரும் மாற்றத்தைச் சொல்ல அது சரி; எல்லா மாற்றத்துக்கும் பொதுப்பெயராக வைத்தால் எல்லோரும் குறையுள்ளவர்களாகிவிடுவோம். விகாரம் வடமொழியில் வெறும் மாற்றம்தான். ஆனால் பேச்சில் விகாரமான முகம் என்றுதானே சொல்கிறோம்? "உங்கள் குழந்தைக்கு ஒரு விகாரம் இருக்கிறது" என்று ஒரு தாயிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆங்கிலத்திலும் மியூட்டேஷனில் இந்தக் கறை படிந்திருக்கிறது. அதனால்தான் 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு தன் வழிகாட்டு நெறிகளில், ஆய்வறிக்கைகளில் மியூட்டேஷனை விட்டுவிட்டு 'வேரியண்ட்', அதாவது வேறுபட்ட வடிவம், என்றே எழுதி, தீங்கானதா இல்லையா என்பதைத் தனியாகக் குறிக்கும்படி பரிந்துரைத்தது.

எனக்குப் பிடித்தது திரிபு. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது.

இரண்டு சொற்கள் சேரும்போது எழுத்துகளில் ஏற்படும் மாற்றங்களை நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கூடையும் சேர்ந்தால் பூக்கூடை. இல்லாத ஒரு 'க்' தோன்றியது. பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. 'ல்' இருந்த இடத்தில் 'ற்'. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர், 'ம்' கெட்டது. இனி மரபியல் பாடத்தைத் திறந்து பாருங்கள். டிஎன்ஏவின் எழுத்து வரிசையில் நிகழும் சிறு மாற்றங்கள் மூன்று வகை: ஓர் எழுத்து நுழைவது, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்று வருவது, ஓர் எழுத்து விடுபடுவது. ஒட்டவைத்த ஒப்புமை அல்ல இது. எழுத்து வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நடக்கக்கூடியவை இந்த மூன்றுதான். நன்னூலார் மூன்றுக்கும் பொதுப்பெயராக விகாரம் என்றார். இலங்கைக்காரர்களின் தேர்வு அந்த வகையில் ஆழமானது. அவருக்கு முந்தைய தொல்காப்பியர் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றையும் சொல்லி, இவைதாம் 'திரியும் ஆறு' என்கிறார். அங்கே திரிதல்தான் பொதுச்சொல்.

ஐரோப்பிய மொழியியலிலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. வெல்ஷ் போன்ற கெல்டிக் மொழிகளில் பக்கத்துச் சொல்லைப் பொறுத்து ஒரு சொல்லின் முதல் மெய் மாறும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே மியூட்டேஷன்தான்.

எழுத்து என்று சும்மா சொல்லவில்லை. செல் டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கிறது. ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம், புரதத்தைக் கட்டும் ஒரு துண்டு. இடைவெளியோ நிறுத்தற்குறியோ நடுவில் கிடையாது. எல்லாச் சொல்லும் மூன்றெழுத்தாக ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கலாம்:

இவள் மகன் கடல் படம் வரைய உதவு.

'கடல்' என்பதில் முதல் எழுத்து திரிந்து 'மடல்' ஆனால் வாக்கியம் நிற்கிறது, பொருள் மாறுகிறது. அரிவாள் செல் இரத்தசோகையில் நடப்பது இதுதான். சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்துக்கான ஜி-ஏ-ஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள், ஜி-டி-ஜி ஆகிவிடுகின்றன. குளுட்டாமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வாலின் வருகிறது. இந்த அமினோ அமில வித்தியாசத்தை வெர்னான் இங்கிராம் 1950களின் நடுவில் கண்டுபிடித்தார். 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று வேறு, சிவப்பணு அரிவாளாக வளைகிறது.

இப்போது 'மகன்' என்பதன் 'ம' மட்டும் கெடட்டும். செல்லுக்கு நம்மைப்போல் இடைவெளி தெரியாது. மூன்று மூன்றாகவே எண்ணும்:

இவள் கன்க டல்ப டம்வ ரையஉ தவு.

ஒரே எழுத்துதான் போனது, அதற்குப் பின்னால் எல்லாமே போயிற்று. சரி, இன்னும் இரண்டு எழுத்தை எடுத்துவிடுவோம்: 'கடல்' என்பதன் 'க', 'படம்' என்பதன் 'ப'.

இவள் கன்ட ல்டம் வரைய உதவு.

நடுவில் கொஞ்சம் உளறல், அப்புறம் வாசிப்பு தடத்துக்குத் திரும்பிவிட்டது. 1961இல் பிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் குழு பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸில் செய்தது ஏறக்குறைய இதே விளையாட்டு. ஓர் எழுத்துத் திரிபு மரபணுவைக் கெடுத்தது. அதே வகையில் இரண்டு சேர்ந்தாலும் கெடுத்தது. மூன்று சேர்ந்தபோது மரபணு மறுபடி வேலை செய்தது. மரபுக் குறியீடு மும்மூன்றாக வாசிக்கப்படுகிறது என்பதை எந்த நுண்ணோக்கியிலும் பார்க்காமல், திரிபுகளை அடுக்கியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மரபியலின் பழைய உத்தியே இதுதான். ஒரு மரபணு என்ன செய்கிறது என்று தெரியவேண்டுமா? அது திரிந்த உயிரியைத் தேடு, எது குறைகிறது என்று பார். தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகத்தில் 1910இல் சிவப்புக் கண் பழ ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ கிடைத்தது. அந்த மரபணுவுக்கு 'வெள்ளை' என்றே பெயர் வைத்தார்கள். அதன் வேலையோ கண்ணைச் சிவப்பாக்க உதவுவது! பழ ஈ மரபணுக்கள் பலவற்றுக்கும் இப்படித்தான், வேலையின் பெயர் இல்லாமல் பழுதின் பெயர். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. அப்புறம் 1927இல் ஹெர்மன் முல்லர், தானாகக் கிடைக்கும்வரை காத்திருக்காமல் எக்ஸ்-கதிர் பாய்ச்சி ஈக்களில் திரிபுகளை உண்டாக்கிக் காட்டினார்.

முல்லரை நினைக்கும்போதுதான் திரிபின் இன்னொரு வசதி தெரிகிறது. கலைச்சொல் என்றால் அது வினையாகவும் பெயராகவும் புழங்கவேண்டும். மரபணு திரிந்தது, திரிந்த செல், திரியாத பிரதி, எக்ஸ்-கதிர் போலத் திரிபை உண்டாக்குவதற்குத் திரிபூக்கி என்று எல்லாம் தானாக வருகிறது. சடுதிமாற்றத்தை வைத்து "சடுதிமாற்றமடைந்த" என்று ஒரு வரியில் மூன்று முறை எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும். போதாததற்கு, திரிந்தது என்றால் தானாக. திரித்தது என்றால் ஒருவர் செய்தது. மாறு, மாற்று என்பதிலும் இந்த வித்தியாசம் உண்டுதான், ஆனால் இரண்டும் 'மாற்றம்' என்ற ஒரே பெயர்ச்சொல்லில் கலந்துபோகின்றன. முதலில் சொன்ன குழப்பம் அங்கிருந்து வருவதுதான். பருத்திக்கு 'மரபணு மாற்றியமைத்த' என்று வைத்துக்கொண்டு, தானாக நடப்பதற்குத் திரிபு என்றால் சண்டை தீர்ந்தது.

திரிபுக்கும் குறை இல்லாமல் இல்லை. வரலாற்றுத் திரிபு, ஐயந்திரிபற என்னும்போது அதிலும் பிழையின் வாடை அடிக்கிறது. போதாக்குறைக்கு 'டெல்டா திரிபு' என்று பல திரிபுகள் சேர்ந்த வைரஸ் வகையையும் அதே சொல்லால் செய்திகள் அழைத்துவிட்டன. நிகழ்வுக்குத் திரிபு, அதைச் சுமக்கும் வடிவத்துக்கு வேற்றுரு என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

மரபணுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்ஹெல்ம் யோஹான்சன் 1909இல் 'ஜீன்' என்று பெயரிட்டபோது, மரபைச் சுமக்கும் துகளுக்கு டி விரிஸ் வைத்த 'பான்ஜீன்' என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்தார். அது ஒரு துகளா, வேறெதாவதா என்று எந்த ஊகமும் ஒட்டாத சொல் அவருக்கு வேண்டியிருந்தது. நாமோ 'அணு' சேர்த்துத் துகளாகவே ஆக்கிவிட்டோம். உயிரணு, விந்தணு, சிவப்பணு எல்லாம் செல்கள். மரபணு மட்டும் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவின் ஒரு பகுதி. இலங்கையின் பரம்பரையலகு இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. சிலர் எழுதும் மரபீனி இன்னும் நெருக்கம்: கிரேக்க வேருக்கும் ஈனுதல், பிறப்பித்தல் என்றுதான் பொருள். இருந்தாலும் மரபணு வேரூன்றிவிட்டது, இனி பிடுங்கவேண்டாம்.

இதுவரை மரபணுவுக்குள் நிகழும் திரிபு. மரபணு எப்போது வேலை செய்யவேண்டும், எப்போது சும்மா இருக்கவேண்டும் என்பது தனிக் கதை. பலர் இதை 'மரபணுக் கட்டுப்பாடு' என்கிறார்கள். கட்டுப்பாடு என்றால் தடுப்பது மட்டும் என்றாகிவிடும். தூண்டுவதும் இதில் அடக்கம். அதனால் நெறிப்படுத்தல் மேல்.

ஈ.கோலி பாக்டீரியா, பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை கிடைத்தால்தான் அதை உடைக்கும் நொதிகளை நிறைய ஆக்கும். லாக்டோஸ் இல்லாதபோதும் விடாமல் ஆக்கிக்கொண்டே இருக்கும் திரிந்த பாக்டீரியாக்களைப் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ குழுவினர் பாரிஸில் ஆராய்ந்தார்கள். திரியாத டிஎன்ஏ பிரதி ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில சரியாகிவிட்டன. சில சரியாகவே இல்லை. ஏன்? காவலாள் இல்லாமல் கதவு திறந்து கிடந்தால் வேறொரு காவலாளைக் கொண்டுவந்து சாத்தலாம். தாழ்ப்பாளே உடைந்திருந்தால் எத்தனை காவலாள் வந்தாலும் பயனில்லை. முதல் வகையில் திரிந்தது ஒடுக்கிப் புரதத்தை ஆக்கும் மரபணு. இரண்டாம் வகையில் திரிந்தது அந்த ஒடுக்கி வந்து உட்காரும் டிஎன்ஏ இடம். இதை வைத்து 1961இல் அவர்கள் வரைந்த ஓபரான், அதாவது ஒரே சுவிட்சில் சேர்ந்து இயங்கும் மரபணுக் கூட்டம், என்ற படத்துக்காக, ஆந்த்ரே லுவோஃபுடன் சேர்த்து 1965இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே லாக்டோஸ் நம் குடலிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பாலூட்டிகளுக்குப் பொதுவாகப் பால்குடி மறந்த பிறகு அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும். மனிதர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் குறைவதில்லை. அவர்களுடைய லாக்டேஸ் மரபணுவில் தேடினால் காரணம் கிடைக்காது. ஐரோப்பியர்களிடம் பரவலாக உள்ள திரிபு, அந்த மரபணுவின் தொடக்கத்துக்கு 13,910 எழுத்து முன்னால், பக்கத்து மரபணு ஒன்றின் நடுவே இருக்கிறது. சி இருக்கவேண்டிய இடத்தில் டி. நெறிப்படுத்தும் இடத்தில் ஓர் எழுத்து மாறியதால் சுவிட்ச் அணையாமல் நின்றுவிட்டது.

இதைப் பிறழ்வு என்று எழுதினால், வளர்ந்த பிறகும் ஒரு குவளைப் பாலை வயிறு உப்பாமல் குடித்து முடிக்கிறவர்தான் பிறழ்ந்தவர்.