டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டும் ஊசி போட்ட தேதியும்

ஈரோட்டு ஆய்வகம் ஒன்றில் வாங்கிய ரிப்போர்ட்டில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு டெசிலிட்டருக்கு 290 நானோகிராம் என்று இருக்கிறது. இந்த ஹார்மோன் குறைவுக்காக ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு வருபவர் என்றால், மருந்து போதவில்லை, கூட்ட வேண்டும் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அந்த ரத்தம் ஊசி போட்ட மூன்றாம் நாள் எடுத்ததா, இருபதாம் நாள் எடுத்ததா? அது தெரியாதவரை எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தண்ணீர் விட்ட மறுநாள் வயலைப் பார்ப்பதும் அடுத்த முறைக்கு முந்தின நாள் பார்ப்பதும் ஒன்றாகுமா?

டெஸ்டோஸ்டிரோன் ஊசிகளில் ஒன்றான எனந்தேட் வகை, எண்ணெயில் கரைத்த மருந்து. தசையில் தங்கி, அங்கிருந்து மெல்ல ரத்தத்தில் கலக்கும். ஓரிரு நாளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே போகும். 250 மில்லிகிராமை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்பவருக்கு முதல் சில நாட்கள் அளவு இயல்பைத் தாண்டிவிடலாம். மூன்றாவது வாரம் பழைய சோர்வு திரும்பிவிடும். கடைசி நாள் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால் உச்சம் இன்னும் ஏறும், மூன்றாவது வாரச் சோர்வு பெரிதாக மாறாது. ஒரு ஊசியின் அளவைக் குறைத்து, இடைவெளியைச் சுருக்குவதே பெரும்பாலும் பலன் தரும்.

ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதல்படி, இந்த வகை ஊசிக்கு இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் ரத்தம் எடுக்க வேண்டும். அப்போது 350 முதல் 600 வரை இருந்தால் சரி. பல வாரங்களுக்கு ஒருமுறை போடும் இன்னொரு வகையான அன்டெகனோயேட் ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர் எடுக்க வேண்டும். தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் என்றால் தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள்.

சிகிச்சை தேவையா என்று முடிவு செய்வதற்கோ, காலையில் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை பார்க்க வேண்டும். இங்கே நம் பக்கத்து மில் தொழிலாளர்களை நினைத்துக்கொள்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் உறக்கத்தில்தான் ஏறுகிறது. நைட் ஷிப்ட் முடித்து, கண் விழித்த களைப்போடு காலை எட்டு மணிக்குக் கை நீட்டுபவரின் ரிப்போர்ட் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். ஷிப்ட் விவரத்தை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் இந்த ஊசியைத் தொடங்கவே கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திக்கொள்ளும், விந்தணு உற்பத்தி சரிந்துவிடும்.

மருந்தளவைத் தீர்மானிப்பதில் இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கும் பங்கு உண்டு. ஹெமடோக்ரிட் என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி அதை உயர்த்துகிறது, ரத்தம் கெட்டியாகிறது. தொடங்குமுன் ஒருமுறை, 3 முதல் 6 மாதத்துக்குள் மறுமுறை, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால், டெஸ்டோஸ்டிரோன் அளவு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊசியை நிறுத்திவிட்டு, அது இறங்கிய பின் குறைந்த அளவில்தான் மீண்டும் தொடங்குவார்கள்.