மெலோடிராமாவுக்கு ‘மிகையுணர்ச்சி’ சரியான சொல்லா?

பாட்டு விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு ‘மிகையுணர்ச்சி’ என்ற ஒரு சொல் கிடைத்தாலும் கிடைத்தது, அவர்கள் படுத்தும் பாடு தாங்க முடியவில்லை. கோவையிலோ ஈரோட்டிலோ நாலு பையன்கள் கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டால், அடுத்த வாரமே ஒருவர் எழுதிவிடுவார்: “நல்ல முயற்சி, ஆனால் மிகையுணர்ச்சி.” என்ன மிகை, எதைவிட மிகை என்று ஒரு வரி இருக்காது. கேட்டால், உணர்ச்சியை ஊதிப் பெரிதாக்கிக் காட்டுவதைத் திட்டும் ‘மெலோடிராமா’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதுதானே தமிழ் என்பார்கள். இல்லை என்பது என் கட்சி.

வேர்க்கதையை முதலில் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ‘மெலோஸ்’ என்றால் பாட்டு, மெட்டு. பிரெஞ்சில் ‘டிராம்’ என்றால் நாடகம். இரண்டும் சேர்ந்து 18ஆம் நூற்றாண்டில் பிறந்தது மெலோடிராமா. பேச்சும் இசையும் மாறி மாறி வரும் ஒரு மேடை வடிவத்துக்கு அது பெயர். ரூசோ எழுதிய ‘பிக்மாலியன்’ 1770இல் லியோன் நகரில் மேடையேறியதை இதன் முன்னோடியாகச் சொல்வார்கள். லண்டனில் 1802இல் தாமஸ் ஹோல்கிராஃப்ட் ஒரு பிரெஞ்சு நாடகத்தைத் தழுவிப் போட்டதிலிருந்து ஆங்கிலத்தில் இந்தப் பெயர் நிலைத்தது. அங்கே ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. வெறும் பேச்சு நாடகம் போடும் உரிமை, பட்டயம் பெற்ற ஓரிரண்டு அரங்குகளுக்கு மட்டும்தான். 1843 வரை இதே கதை. சின்ன அரங்குக்காரர்கள் என்ன செய்தார்கள்? நாடகத்தில் இசையைச் சேர்த்து, இது வேறு வகை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். வில்லன் நுழையும்போது ஓர் இசை, அநாதைப் பெண் அழும்போது ஓர் இசை என்று வழக்கமாகிவிட்டது. எங்கே அழவேண்டும் என்பதை ஜனங்களுக்கு இசைக்குழு சொல்லிக்கொடுத்தது. இன்றைய வசைப்பொருள் இங்கிருந்துதான் முளைத்தது. பின்னால் வரும் வாதம் முழுக்க இதில்தான் நிற்கிறது.

பேச்சும் பாட்டும் மாறி வருவதுதான் மெலோடிராமா என்றால், நம்மூர் உடுக்கையடிப் பாட்டும் அந்தக் கணக்கில் வந்துவிடும். அண்ணன்மார் சாமி கதையைக் காங்கேயம் பக்கம் இரவிரவாகப் பாடும்போது கொஞ்ச நேரம் வசனம், கொஞ்ச நேரம் பாட்டு, நடுநடுவே உடுக்கை. பொன்னரும் சங்கரும் மாண்ட பிறகு தங்கை அழும் கட்டத்தில் கூட்டமே சேர்ந்து அழும், சிலருக்கு அருளும் வந்துவிடும். அதைப் போய் யாரும் ‘மிகையுணர்ச்சி’ என்று சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, அந்தக் கோவை, ஈரோட்டுப் பையன்கள் போடும் ‘இண்டி’ (‘இன்டிபென்டென்ட்’ என்பதன் சுருக்கம்) இசைக்கு வருவோம். பெரிய கம்பெனிகளைச் சாராமல் தனித்து இயங்கியவர்கள் என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள். பிரிட்டனில் இப்படிப்பட்ட இசைத்தட்டுகளுக்கென்று 1980இல் தனி விற்பனைப் பட்டியலே வந்தது. இன்று அது ஓர் ஓசைக்கும் ஒரு மனப்பான்மைக்கும் பெயர். அந்த மனப்பான்மையின் நடுவே கிடக்கும் பழைய சண்டை, பாடகன் மனசாரப் பாடுகிறானா, படம் காட்டுகிறானா என்பதுதான். வாஷிங்டனில் 1985 வாக்கில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்கள் ‘ஹார்ட்கோர்’ என்ற கத்தல் இசைக்குள் சொந்த மன வேதனையைக் கொண்டுவந்தபோது, அதற்கு ‘எமோஷனல்’ என்பதையும் சேர்த்து ‘எமோகோர்’ என்று யாரோ பெயர் வைத்தார்கள். அந்த இசையை வாசித்தவர்களுக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. உணர்ச்சியைப் பெயராக ஒட்டினாலே அது கேலியாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

‘மிகையுணர்ச்சி’ என்ற சொல்லால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கோவையில் ஒரு பாட்டெழுதும் பயிலரங்கு. சென்னிமலைப் பையன் ஒருவன் தன் அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தான். அப்புச்சி குழித்தறியில், அதாவது தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் கைத்தறியில், போர்வை நெய்தவர். பாட்டில் இரண்டு சரணம். முதல் சரணம் இப்படி:

உயிரின் நரம்பெல்லாம் அறுந்து போனதே
வானம் இடிந்தென்மேல் விழுந்து போனதே

இந்த இடத்தில் கீபோர்டில் நாலைந்து வயலின் ஒரே நேரத்தில் எழும்பும். இரண்டாவது சரணத்தில் கிதார் மட்டும்:

தறிக்குழி மேல பலகை போட்டாச்சு
பலகை மேல வண்டிய நிறுத்தியாச்சு
நாடா மட்டும் சன்னல்ல கெடக்குது

நாடா என்றால் தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை. இந்த மூன்றாவது வரியில் அவனுக்குக் குரல் உடைந்தது. வகுப்பெடுத்தவர் கேட்டுவிட்டு, “மிகையுணர்ச்சி, குறைங்க” என்றார். பையன் என்னிடம் வந்து, “ஏனுங்ணா, அழுகாம பாடணுங்களா?” என்று கேட்டான். மறுநாள் பாடிக் காட்டியபோது இரண்டாவது சரணம் இல்லை. வயலின் அப்படியே இருந்தது.

அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? உணர்ச்சி அதிகம் என்றார்கள். உணர்ச்சி எங்கே அதிகமாக இருந்ததோ அதை வெட்டிவிட்டான். சொல் எதைச் சுட்டுகிறதோ கத்தி அங்கேதானே போகும்? வகுப்பெடுத்தவர் மனதில் இருந்தது வானம் இடிந்த சரணமும் வயலினும். ஆனால் அவர் வாயில் வந்த சொல் தறிக்குழியைக் காட்டிவிட்டது.

‘மிகையுணர்ச்சி’யின் கோளாறு இதுதான். அது உள்ளே இருப்பதை அளக்கப் பார்க்கிறது. அப்புச்சி போன துக்கம் எவ்வளவு இருந்தால் அளவு, எவ்வளவு இருந்தால் மிகை? எந்தப் படியில் அளப்பது? மெலோடிராமாவின் குற்றம் உள்ளே இல்லை, வெளியே காட்டும் விதத்தில் இருக்கிறது. பாட்டின் வரிகள் ஓரடி துக்கம் சொல்லியிருக்க, குரலும் வயலினும் பத்தடிக்கு எழும்பினால் அது மெலோடிராமா. பாடுகிறவன் உண்மையாகவே துடித்துக்கொண்டிருக்கலாம், அதுவும் மெலோடிராமாவாக முடியலாம். முதல் சரணம் எழுதும்போதும் அந்தப் பையன் பொய் சொல்லவில்லையே. அதனால்தான் ‘பாசாங்கு’, ‘மாய்மாலம்’, ‘நீலிக்கண்ணீர்’ இவையும் பொருந்தவில்லை. அவையெல்லாம் உள்ளே ஒன்றுமே இல்லாமல் அழுகிறவர்களுக்கு. கூலிக்கு மாரடிப்பது வேறு சங்கதி.

சத்தத்தை வைத்து முடிவு செய்கிறவர்கள் இன்னொரு கூட்டம். மெதுவாகப் பாடினால் உண்மை, கத்தினால் மெலோடிராமா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடும் ஃபில் எல்வெரம், மனைவி 2016இல் புற்றுநோயில் இறந்தபின், அதே வீட்டில் அவர் இருந்த அறையிலேயே, பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களை வைத்தே ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். ‘எ க்ரோ லுக்ட் அட் மீ’, 2017. முதல் பாட்டிலேயே மனைவி பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது. மகள் பள்ளிக்கூடம் போகும்போது போட்டுக்கொள்ள, சாகும் முன் அவர் ரகசியமாக ஆர்டர் செய்துவைத்த முதுகுப்பை. பாடுகிறாரா பேசுகிறாரா என்றே தெரியாத குரல். சரி, இது சத்தமில்லாத பாட்டு. அதே இண்டி உலகத்தில், மாண்ட்ரியலின் ஆர்கேட் ஃபயர் 2004இல் ‘ஃப்யூனரல்’ போட்டது. பதிவு நடந்த சமயத்தில் குழுவினர் வீடுகளில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததால் வைத்த பெயர் அது. வயலின் உண்டு, அக்கார்டியன் உண்டு, எல்லோரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்துவதும் உண்டு. ஆனாலும் அதை நான் மெலோடிராமா என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தக் கத்தலைத் தாங்குமளவுக்குப் பாட்டில் ஆட்களும் இடங்களும் இருக்கிறார்கள். நம்ம ஊர் ஒப்பாரியும் அப்படித்தான். எழவு வீட்டில் கட்டிப்பிடித்துக் கத்தி அழுகிற பெண், இறந்தவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அழுவார். சத்தத்துக்குக் கணக்கு இருக்கிறது.

தமிழ் இண்டிக்காரர்களில் பாதிப்பேர் விமர்சகர்களுக்குப் பயந்து இப்போது தூங்கி எழுந்த குரலில் முணுமுணுக்கிறார்கள். அதுவும் ஒரு படம் காட்டல்தான் என்பதை யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

வேறு சொற்கள் என்ன கிடக்கின்றன? ‘இசைநாடகம்’ என்று நேராக மொழிபெயர்த்தவர்கள் உண்டு. நமக்கு அது சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த நாடக மேடை. அதைத் திட்டுச்சொல்லாக்க முடியாது. ‘மிகைநடிப்பு’ நடிகருக்குப் பொருந்தும், பாட்டெழுதியவருக்குப் பொருந்தாது. ‘உயர்வு நவிற்சி’ என்று ஒரு தமிழாசிரியர் சொன்னார். நவிற்சி என்றால் சொல்வது. உள்ளதைக் கூட்டிச் சொல்லும் அணி அது. வானம் இடிந்தது என்பது உயர்வு நவிற்சி, சரி. ஆனால் வயலினுக்கு என்ன சொல்வது? நடுங்கும் குரலுக்கு? ‘அழுகாச்சி’ என்று தியேட்டர் வாசலில் சொல்வது எனக்குப் பிடித்த சொல். ஆனால் கோபத்திலும் காதலிலும் மெலோடிராமா உண்டு, அழுகையில் மட்டும் இல்லை. ‘ரொம்பத்தான் பண்றான்’ என்று கோவையில் சொல்வோமே, பொருள் கச்சிதம், பெயர்ச்சொல்லாக்கத்தான் வழியில்லை.

இவ்வளவு தூரம் போகவே வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. மெய்ப்பாடு என்பது உணர்ச்சி கிடையாது. உள்ளத்தில் நிகழ்ந்தது, நிகழ்ந்தவாறே, வெளியே இருப்பவர்களுக்குப் புலப்படும்படி வெளிப்படுவது என்பதுதான் பேராசிரியர் என்ற பெயர்கொண்ட பழைய உரைகாரர் தரும் விளக்கம். அந்த ‘நிகழ்ந்தவாறே’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். இண்டி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதிப் பிடிக்கப் பார்ப்பது அதைத்தான். அழுகை எதனால் வரும் என்றும் தொல்காப்பியம் சொல்லிவிடுகிறது: இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (இருந்த நிலை கெட்டு வருந்துவது), வறுமை. அழுகையென்று ஒன்று இருந்தால் அதற்கு நிலைக்களம் ஒன்று, அதாவது அது பிறக்கும் இடம் ஒன்று, இருக்கவேண்டும். அந்த நிலைக்களம் பாட்டில் தெரியாமல், அழுகை மட்டும் வெளியே வழிந்தால் அது மிகைமெய்ப்பாடு.

அதுதான் நான் சொல்லும் சொல். மிகைமெய்ப்பாடு. உணர்ச்சி மிஞ்சிவிட்டது என்று சொல்லவில்லை, காட்டுவது மிஞ்சிவிட்டது என்று சொல்கிறது. சென்னிமலைப் பையனிடம் “முதல் சரணத்தில் மெய்ப்பாடு மிகை” என்று சொல்லியிருந்தால் அவன் வயலினைத்தான் தொட்டிருப்பான்.

பண்டிதச் சொல், யாருக்குப் புரியும் என்று கேட்பார்கள். ‘மிகையுணர்ச்சி’ எல்லோருக்கும் புரிகிறது, உண்மைதான். தப்பாகப் புரிகிறது. புரியாத சொல்லை ஒருமுறை விளக்கிவிடலாம். தப்பாகப் புரிந்த சொல்லை விளக்கப் போனால் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். பண்டிதம் பிடிக்காதவர்கள் மெலோடிராமா என்றே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயர்ச்சொல் கடன் வாங்குவதால் தமிழ் தேய்ந்துவிடாது. கோணல் மொழிபெயர்ப்பால் தேயும்.

ஆனால் எல்லாச் சொல்லையும் அப்படி அப்படியே வாங்கிவிட முடியாது என்பதற்கு இதன் எதிர்ச்சொல்லே சாட்சி. ‘சின்சியர்’ என்றால் நம்மிடம் என்ன பொருள்? விழுந்து விழுந்து படிக்கிறவன், வேலைக்கு லீவு போடாதவன். ‘சின்சியர் சிகாமணி’ என்று கேலி செய்வோம். ‘சின்சியரான பாட்டு’ என்று எழுதினால், தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து சாதகம் பண்ணிய பாட்டு என்றுதான் ஈரோட்டில் நினைப்பார்கள். ‘சென்டிமென்ட்’டும் இதே வழியில் போய்விட்டது. படத்தில் வந்தால் அம்மா பாசம், கடைக்காரர் சொன்னால் செவ்வாய்க்கிழமை புதுக்கணக்குப் போடமாட்டார் என்று பொருள். கடன் வாங்கிய இடத்தில் என்ன பொருளோ, அதுவே இங்கேயும் இருக்கிறது என்று நம்பி எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது? சப்டைட்டிலில் தினமும் பார்க்கிறேன். கதாநாயகி “ஐ மீன் இட்” என்றால் கீழே “நான் அதை அர்த்தப்படுத்துகிறேன்” என்று ஓடுகிறது. ‘மனசாரச் சொல்றேன்’ என்று எழுத ஆள் இல்லையா?

அந்த ‘மனசார’தான் எதிர்ச்சொல்லுக்கு என் விடை. ‘உணர்ச்சி நேர்மை’ என்று சிலர் எழுதுகிறார்கள். நேர்மை என்பது கொடுக்கல் வாங்கலில் வருவது, தராசு பிடிக்கிறவரிடம் எதிர்பார்ப்பது. பாட்டு மனசார இருக்கிறது, மனசாரப் பாடியிருக்கிறார் என்றால் போதும். எழுத்து நடைக்கு ‘உளமார’. வினையோடு சேர்ந்து வரும் சொல்லைப் பிடித்துவைத்துப் பெயர்ச்சொல்லாக்கினால்தான் கலைச்சொல் என்று ஒரு நினைப்பு நம்மவர்களுக்கு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல்லே இருக்கவேண்டும் என்று எந்த இலக்கணம் சொல்கிறது?

எழுதும் முறை பற்றிக் கேட்டவர்களுக்கு: ‘மிகைமெய்ப்பாடு’ என்று சேர்த்து எழுதவேண்டும். பெயரடையாக வரும்போது ‘மிகைமெய்ப்பாட்டுப் பாடல்’, ‘மிகைமெய்ப்பாட்டுக் குரல்’. இரண்டிலும் வல்லினம் மிகும். ‘மிகை மெய்ப்பாடு’ என்று இடைவெளி விட்டால் ‘தேவையில்லாத மெய்ப்பாடு’ என்று வேறு பொருளுக்கு இழுத்துவிடும். மிகை என்ற சொல்லுக்கு வேண்டாதது என்ற பொருளும் வள்ளுவர் காலத்திலிருந்தே உண்டு.