சுவருக்குள் ஓடும் சூடு

புது வீட்டுக்கு ஒயரிங் நடக்கும்போது பேச்செல்லாம் சுவிட்சின் நிறத்தைப் பற்றியும், ஃபேன் எங்கே வரும் என்பதைப் பற்றியும்தான் இருக்கும். ஒயரின் தடிமனை எலக்ட்ரீஷியன் சொல்வார், நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். ஆனால் பிடிக்காத சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பூச்சுக்குள் போன ஒயரை அப்படி மாற்ற முடியாது.

நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் 3,000 வாட் கீசரும் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே லைனில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்துவிடும். பார்க்க வந்தவர் 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 32 ஆம்பியர் மாட்டிவிட்டுப் போனார். அப்புறம் அது விழவே இல்லை, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சில மாதங்கள் கழித்துச் சமையலறைச் சுவிட்ச் பாக்ஸ் பக்கத்தில் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. திறந்து பார்த்தால் ஒயரின் உறை பழுப்பேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே போயிருந்தது 1.5 சதுர மி.மீ. ஒயர்.

அந்த எம்.சி.பி. விழுந்துகொண்டிருந்தது கோளாறால் அல்ல. எம்.சி.பி. காப்பது கீசரையோ அடுப்பையோ அல்ல, ஒயரைத்தான்.

கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841-லேயே அளந்து சொன்னார். 5,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். பைப்புக்குள் போகும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் நல்ல நிலைமையில் 17.5 ஆம்பியர்தான் தாங்கும். அதாவது தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு சூடு. போதாததற்கு, 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியர் வரைகூட ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும், அதன் வடிவமைப்பே அப்படி. அந்த அளவு கரண்ட் ஓடியிருந்தால் சூடு நான்கு மடங்கைத் தாண்டியிருக்கும். சாதாரண பி.வி.சி. உறைக்கு எல்லை 70 டிகிரி. அதற்கு மேல் காயக்காய உறை விறைத்து வெடிக்கும்.

"நல்ல நிலைமை" என்று சொன்னேனே, அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐ.இ.சி. என்னும் சர்வதேச மின் தர அமைப்பின் அட்டவணையில் 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 24 ஆம்பியர், 4 சதுர மி.மீ.க்கு 32 ஆம்பியர் என்று இருக்கும். அது 30 டிகிரி வெப்பத்தில், ஒரு பைப்பில் ஒரே ஒரு லைன் போகும்போது உள்ள கணக்கு. நம் ஊர்க் கோடைக்கு 40 டிகிரி என்று வைத்தால் 0.87-ஆல் பெருக்க வேண்டும். ஒரே பைப்பில் மூன்று லைன்களைத் திணித்து மூன்றும் முழு லோடில் ஓடினால் ஒன்றின் சூடு மற்றதைச் சுடும், அதற்காக இன்னொரு 0.7. ஆக 24 ஆம்பியர் என்று நம்பிய ஒயர் 14.6 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டாலே அதிகம். மொட்டைமாடிக் கான்கிரீட்டுக்குள் போகும் பைப்பை நினைத்துப் பாருங்கள். மே மாத மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாத தளம் அது. 50 டிகிரி என்றால் 0.87 என்பது 0.71 ஆகிவிடும்.

அதனால் கீசர், ஏசி போன்ற பெரிய லோடுகளுக்கு ஆளுக்கொரு லைன், முடிந்தால் ஆளுக்கொரு பைப். அவற்றுக்கு 4 சதுர மி.மீ. ஒயரும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் வைத்தால் பைப்பில் இரண்டு லைன் போனாலும் 40 டிகிரியில் கணக்கு நிற்கும். பவர் பிளக்குகளுக்கு 2.5, விளக்கு, ஃபேனுக்கு 1.5 போதும். கூரைக் கான்கிரீட் போடும் முன்பே இதைத் தாளில் வரைந்துவிட வேண்டும்.

தூரமும் கணக்கில் வரும். எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியான டி.பி.யிலிருந்து கீசருக்கு 25 மீட்டர் என்றால், போக வர 50 மீட்டர் ஒயர். அது 1.5 ஒயராக இருந்தால் 13 ஆம்பியர் ஓடும்போது 8 வோல்ட் வழியிலேயே தேய்ந்து, சுமார் 100 வாட் சுவருக்குள் சூடாகப் போகும். ஒரு குண்டு பல்பை ஏற்றிவைத்துப் பூசியது போல. 4 சதுர மி.மீ. போட்டால் 3 வோல்ட், 40 வாட்டோடு முடிந்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் எம்.சி.பி. கண்ணுக்குப் படாத ஆபத்து ஒன்று உண்டு: சரியாக முறுக்காத திருகு. ஒரு இணைப்பில் வெறும் 0.15 ஓம் தடை இருந்தால், 13 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 25 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. கரண்ட் கூடவில்லை என்பதால் எம்.சி.பி. பேசாமல் இருக்கும். ஆளுக்கு ஷாக் அடிக்காமல் காக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கரண்ட் வெளியே கசிந்தால்தான் விழும், இதற்கு அசையாது. சுவருக்குள் இணைப்பே வேண்டாம், டி.பி.யிலிருந்து பிளக் வரை ஒரே ஒயராக இழுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்போதைய வீட்டில் டி.பி. கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் நேராக அது எந்த அறைக்குப் போகிறது, உள்ளே எந்த அளவு ஒயர் என்று எழுதி, கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "விழுந்தால் லோடைக் குறைக்கவும், எம்.சி.பி.யை மாற்ற வேண்டாம்."