முந்நூற்றெட்டா, கிரீட்மூரா? காற்றில் குண்டு விலகும் கணக்கு

அமெரிக்காவின் கொலராடோவில் வசிக்கும் வாசகர் ஒருவர், இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கும் மற்ற மாதங்களில் 1,000 கஜத் தொலைவு இலக்குச் சுடுதலுக்கும் பயன்படும்படி ஒரே துப்பாக்கியைத் தம் தேவைக்கேற்பச் செய்துகொள்ள விரும்புகிறார். அதற்கு .308 வின்செஸ்டர் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதா, 6.5 கிரீட்மூர் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதா என்று கேட்டிருக்கும் அவர், கூடவே ஒரு நியாயமான ஐயத்தையும் எழுப்புகிறார்: கனமான குண்டைத்தானே காற்று குறைவாக அசைக்க வேண்டும், பிறகு இலேசான 6.5 குண்டு நெடுந்தொலைவில் குறைவாக விலகுகிறது என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டதால் இங்குள்ள வாசகர்களுக்கு அவருடைய தேவை அயலாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஐயத்துக்கான விடை, பள்ளி இயற்பியல் படித்த எவரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய மிக அழகான கணக்கு.

அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடுவோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதனடியில் பற்றவைக்கும் மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. தோட்டாவின் பெயரிலுள்ள எண் குண்டின் விட்டத்தை ஏறத்தாழச் சொல்கிறது: .308 என்பது அங்குலத்தில், 6.5 என்பது மில்லிமீட்டரில். இரண்டில் 6.5 குண்டே மெலிந்தது. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது, குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் புரிகள் அதைச் சுழல வைக்கின்றன. இலக்குச் சுடுதலுக்கு விற்கப்படும் .308 தோட்டாக்களில் பரவலான ஒன்றில் குண்டின் எடை 168 கிரெயின், அதாவது ஏறத்தாழ 10.9 கிராம், 6.5 கிரீட்மூரில் அது 140 கிரெயின், ஏறத்தாழ 9.1 கிராம். இரண்டும் குழலை விட்டு வெளியேறும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றே: நொடிக்கு 825 மீட்டர் அளவில். ஆகவே வாய்முனையில் கனமான குண்டுக்கே ஆற்றல் அதிகம். ஆனால் 1,000 கஜத்தை, அதாவது 914 மீட்டரைக் கடக்கும்போது .308 குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 370 மீட்டராகத் தேய்ந்திருக்க, 6.5 குண்டு இன்னும் 440 மீட்டர் அளவில் பறந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில், எடை குறைந்த குண்டிடமே அதிக ஆற்றல் மிஞ்சியிருக்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்வது காற்றின் எதிர்ப்பு. காற்று மெல்லியது என்பதால் அதன் பங்கும் சிறிதாகத்தான் இருக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். குழலை விட்டு வெளியேறிய கணத்தில் 6.5 குண்டின் மீது செயல்படும் எதிர்ப்பு விசையோ அதன் எடையைப் போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. குண்டின் வேகத்தை ஊசலின் ஆட்டத்தைக் கொண்டு அளந்து, காற்றின் எதிர்ப்பு அதுவரை நினைத்ததைவிட மிகப் பெரிது என்று 1742இல் நூலெழுதி நிறுவியவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியாளராக நம் கரைக்கு வந்த அவர், 1751இல் கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். கோட்டையைப் பார்க்கப் போகும் மாணவர்களுக்கு கிளைவின் பெயரைச் சொல்பவர்கள் இவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி, பக்கவாட்டுக் காற்றுக்கு வருவோம். காற்று குண்டின் விலாவில் மோதி அதை ஒதுக்கித் தள்ளுகிறது என்பதே நம் மனத்தில் எழும் முதல் படம். வாசகரின் ஐயமும் அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான், ஆனால் அந்தப் படம் தவறு. வேகமாகச் சுழலும் குண்டு, குழலை விட்டு வெளியேறிய சற்று நேரத்துக்குள், தனக்கு எதிர்ப்படும் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. எனவே விலாவில் மோத காற்றே இல்லை. இருப்பது மூக்கில் படும் எதிர்ப்பு மட்டுமே.

அப்படியானால் குண்டு ஏன் விலகுகிறது? இதைப் பார்க்க, தரையில் நிற்பதை விட்டுவிட்டு, காற்றோடு மிதந்து செல்லும் ஒரு பலூனில் நாம் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். காற்று இடமிருந்து வலமாக நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. பலூனில் இருப்பவருக்குக் காற்று அசைவற்றது. மாறாகத் தரையும், துப்பாக்கியும், இலக்கும் சேர்ந்து நொடிக்கு 4 மீட்டர் இடப்பக்கம் நகர்கின்றன. சுடும் கணத்தில் துப்பாக்கிக்கு இருந்த அந்த இடப்பக்க வேகம் குண்டுக்கும் வந்து சேர்கிறது. ஆகவே பலூனிலிருந்து பார்க்கையில் குண்டு நேர்முன்னே செல்லாமல், நொடிக்கு 825 மீட்டர் முன்னும் 4 மீட்டர் இடமுமாகச் சற்றே சாய்ந்த ஒரு கோட்டில் புறப்படுகிறது. அசைவற்ற காற்றின் எதிர்ப்பு அந்தக் கோட்டின் வழியே நேர் பின்னோக்கித்தான் செயல்படும் என்பதால், வேகம் குறைகிறதே தவிரக் கோடு வளைவதில்லை. இதில் முக்கியமானது, வேகம் குறையும்போது முன்னோக்கிய பங்கும் இடப்பக்கப் பங்கும் ஒரே விகிதத்தில் குறைகின்றன என்பதுதான். இலக்கோ இடப்பக்க வேகத்தில் எதையும் இழக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குண்டு போய்ச் சேர்வதற்குள் இலக்கு அதைவிட இடப்பக்கமாக முந்திவிடுகிறது. தரையில் நின்று பார்ப்பவர், குண்டு வலப்பக்கம் விலகிவிட்டது என்கிறார்.

எவ்வளவு முந்தியிருக்கும்? காற்றெதிர்ப்பே இல்லாதிருந்தால் குண்டு எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கும், உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் திதியோனின் பெயரால் அறியப்படும் இச்சூத்திரத்தில் குண்டின் எடை இல்லை, விட்டம் இல்லை, பறந்த மொத்த நேரம்கூடத் தனியே இல்லை. தாமதம் ஒன்றுதான் இருக்கிறது. இயற்பியலில் நான் படித்த சூத்திரங்களில் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு சொல்லும் வேறொன்றை நினைவுகூர முடியவில்லை. 1,000 கஜத்தில் 6.5 குண்டின் தாமதம் ஏறத்தாழ 0.4 நொடி, .308 குண்டின் தாமதம் ஏறத்தாழ 0.55 நொடி. நொடிக்கு 4 மீட்டர் காற்றில் முதலாவது 1.6 மீட்டரும் இரண்டாவது 2.2 மீட்டரும் விலகும். சுடுபவர் காற்றைத் தவறாக மதிப்பிட்டால், அந்தத் தவறும் இதே விகிதத்தில் பெரிதாகும்.

சூத்திரத்தின் உண்மையை ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலிலும் காணலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் பயன்படுவது .22 தோட்டா. அதில் அதிவேக வகையும் கிடைக்கிறது, ஆனால் போட்டியாளர்கள் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே பறக்கும் மெதுவான வகையையே நாடுகிறார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எதிர்ப்பு செங்குத்தாக ஏறுவதால், வேகமான குண்டு இலக்கை முன்னதாக அடைந்தாலும் அதன் தாமதம் அதிகம், எனவே விலகலும் அதிகம். விரைவாகப் போனால் காற்று குறைவாகத் தொடும் என்ற நம்பிக்கையை இந்தச் சிறு தோட்டா பொய்யாக்கிவிடுகிறது.

ஆகவே கேட்க வேண்டியது, தாமதம் குறைந்த குண்டு எது என்பதே. ஒரே எடையில் மெலிந்து நீண்ட குண்டு காற்றுக்குக் குறைந்த முகத்தைக் காட்டுகிறது; கூரிய மூக்கும் படகின் பின்புறம்போல் ஒடுங்கிய வாலும் எதிர்ப்பை மேலும் குறைக்கின்றன. இவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வதே எறிகுணகம்; எண் கூடக்கூட வேகம் தேய்வது குறையும்: மேற்சொன்ன 6.5 குண்டுக்கு, ஜி1 என்ற பொது அளவுகோலில், ஏறத்தாழ 0.64; .308 குண்டுக்கு 0.52. இந்த எண்ணைத் தயாரிப்பாளரே அளந்து தம் பெட்டியில் அச்சிடுகிறார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்று கைப்பேசிச் செயலிகள் பயன்படுத்தும் எதிர்ப்பு அட்டவணைகள் அரசுப் பணத்தில், வெளிப்படையாக வெளியிடப்பட்ட இராணுவ ஆய்வுகளிலிருந்து வந்தவை. பதக்கத்துக்காகப் பயிற்சி முகாம்களுக்குச் செலவிடும் நம் அரசு, தோட்டாக்களைச் சுதந்திரமாக அளந்து பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தையும் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் அமைத்தால் அது வீண் செலவாகாது.

நீண்ட குண்டுக்கு இரண்டு தேவைகள் உண்டு. முதலாவது, வேகமான சுழற்சி. குண்டு நீள நீள, தலைகுப்புறப் புரளாமல் இருக்க நெருக்கமான புரி வேண்டும் என்பதை ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் 1879இல் ஓர் எளிய சூத்திரமாக்கினார். .308 குழல்களில் 10 முதல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம். கிரீட்மூரில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது நொடிக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல். இரண்டாவது தேவை, இடம். 1997இல் வந்த .260 ரெமிங்டன் என்ற தோட்டாவும் 6.5 குண்டையே ஏந்துவது; அது .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்யப்பட்டது. அதில் நீண்ட குண்டைச் செருகினால், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினுக்குள் அடங்குவதற்காகக் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அழுத்த வேண்டியிருந்தது. ஹார்னடி நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய கிரீட்மூர், .308 கூட்டின் 51 மில்லிமீட்டருக்குப் பதிலாக 49 மில்லிமீட்டர் நீளக் கூட்டைக் கொண்டு குண்டுக்கு இடம் விட்டது. அதன் புகழுக்குக் காரணம் இந்த இரண்டு மில்லிமீட்டர்தான், வேறு மாயம் எதுவும் இல்லை.

மான் வேட்டையைப் பொறுத்தவரை, கொலராடோ சட்டம் 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலைக் கேட்கிறது. இரண்டு தோட்டாக்களும் அதை எளிதில் தாண்டுகின்றன. 250 மீட்டருக்குள் இரண்டின் விலகலுக்கும் உள்ள வித்தியாசம் சில சென்டிமீட்டரே. கொலராடோவின் தலைநகரான டென்வரின் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் தாமதம் இன்னும் சுருங்கும். வேட்டையில் தோட்டாவின் பெயரைவிட, உடலுக்குள் சீராக விரியும்படி செய்யப்பட்ட வேட்டைக் குண்டைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம்; இலக்குக் குண்டால் விலங்கைச் சுடுவது அதற்குத் தேவையற்ற வதையாக முடியலாம். வாசகர் 1,000 கஜத்தில் உண்மையாகவே பயில்வார் என்றால் கிரீட்மூரை எடுக்கட்டும், உதைப்பும் குறைவு. எப்போதாவதுதான் அவ்வளவு தொலைவுக்குச் சுடுவார் என்றால் .308 போதும், அதன் குழல் தேய்வதற்குக் கிரீட்மூரைவிட ஏறத்தாழ இரு மடங்கு தோட்டாக்கள் பிடிக்கும். இரண்டு கூடுகளின் அடிவிளிம்பும் ஒரே அளவு என்பதால், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டையும் மேகசினையும் மாற்றாமல் குழலை மட்டும் மாற்றி, பின்னாளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர் மாறிக்கொள்ளவும் முடியும்.